பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறதே!

"அப்பாவுக்கா மறதி? அறுபத்து நாலுல தனுஷ்கோடிப் புயல் அடிச்சதை நேத்து நடந்த மாதிரி சொல்றாரே!" மறதி நோய் தொடங்கிவிட்ட பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. மருத்துவரிடம் போவது தள்ளிப்போக இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோயின் வகைகளில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். அது தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளில் ஒன்று மூளையின் ஹிப்போகாம்பஸ். புதிய அனுபவங்களை நினைவில் பதியவைப்பது அதன் வேலை. அதனால்தான் ஊறிப்போன பழைய நினைவு நிற்கிறது. காலையில் சாப்பிட்டது நிற்பதில்லை. 1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் மருத்துவமனையில் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், 51 வயது நோயாளி அகுஸ்டே டேட்டரிடம் பேனா, சாவி போன்றவற்றைக் காட்டிப் பெயர் கேட்டார். சரியாகவே சொன்னார் அந்தப் பெண். சற்றுப் பொறுத்து, என்னென்ன காட்டினேன் என்று கேட்டபோது அவருக்கு நினைவில்லை.

யாருக்கும் ஒரு பெயர் சட்டென்று வராமல் போகலாம். கொஞ்சம் எடுத்துக்கொடுத்தால் பிடித்துக்கொண்டால், பெரும்பாலும் அது வயதின் மறதி. "நேற்று கல்யாணத்துக்குப் போனோமே" என்று எடுத்துச் சொல்லியும், போனதே தெரியாமல் விழித்தால் கவனியுங்கள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போடுவது, போட்ட மாத்திரையை மறுபடி போடுவது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது எல்லாம் அந்த வரிசைதான்.

நகையை எங்கோ வைத்துவிட்டு "மருமகள்தான் எடுத்தாள்" என்பதும் அறிகுறியே. இதில் உடைந்த குடும்பங்கள் உண்டு. வைத்தது மனதில் பதியவில்லை. ஆனால் நகை காணோம். யாரோ எடுத்திருக்க வேண்டும் என்றுதானே அவருக்குத் தோன்றும்? அதில் வன்மம் இல்லை. பழி சுமக்கும் பெண்ணுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஓரிரு நாளில் திடீரென வரும் குழப்பம் வேறு. சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் சோடியம் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

2023-ல் வெளியான ஆய்வின் கணக்குப்படி, 60 வயது கடந்த இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால், கண்டதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். நோயாளியுடன் வசிப்பவரும் மருத்துவரிடம் கூடப் போகட்டும். நோயாளி "எனக்கு ஒண்ணுமில்ல" என்றே சொல்லக்கூடும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைத்துக் கேளுங்கள்.