எழுத்து இரண்டாகத் தெரிந்தால்…

காசில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறதா? கோளாறு அச்சிலேயே இருந்ததா, அடிக்கும்போது வந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

அமெரிக்காவின் 1955 லிங்கன் சென்ட்டைப் பாருங்கள். அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சைச் செய்ய, மூல அச்சின் உருவத்தை எஃகில் ஒரே அழுத்தில் முழுதாகப் பதிக்க முடியாது. முதல் அழுத்தில் எஃகு இறுகிவிடும்; சூடாக்கி இளக்கி, மறுபடி அழுத்த வேண்டும். பிலடெல்பியா நாணயச்சாலையில் ஓர் அச்சுக்கு அடுத்த அழுத்து சற்றுத் திரும்பி விழுந்துவிட்டது. அந்த அச்சு அடித்த ஒவ்வொரு சென்ட்டிலும் அதே இரட்டை, அதே இடத்தில்! 20,000 காசுகளுக்குமேல் புழக்கத்துக்குப் போயின. இது அச்சு வேறுபாடு.

காசாக அடிக்கப்படும் உலோக வில்லை விலகி, பாதி உருவம் மட்டும் பதிந்த காசு வேறு. அச்சில் குறையில்லை, அடுத்த காசு சரியாகவே வரலாம். இது அடிப்புப் பிழை.

சேகரிப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று. அடிக்கும் கணத்தில் தளர்ந்த அச்சு நகர்ந்து, எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். உருப்பெருக்கியில் அந்தப் பொய் இரட்டை படிக்கட்டுபோலத் தட்டையாகத் தெரியும், எழுத்தும் மெலிந்திருக்கும். உண்மையான இரட்டை அச்சில் இரு வடிவங்களும் திரண்டு நிற்கும், எழுத்து முனைகளில் பிளவு தெரியும். விலை பேசும் முன் அந்த முனைகளைப் பாருங்கள்.