பிறர்க்காகப் பரிந்து பேசும் பொறுப்பு



ஒரு சமுதாயத்துக்கு அநீதி நேரும்போது, அதற்காகக் குரல் கொடுக்க அச்சமுதாயத்திலிருந்தே சிலர் எழுவது உலக வழக்கம். அவர்களை நாம் போற்றுகிறோம். அவர்களுக்காக துஆச் செய்கிறோம். ஆனால் அத்தகைய ஒருவரை நகர ஆட்சியினர் அழைத்து, "எங்களோடு இந்த மன்றத்தில் அமருங்கள், உம் மக்களின் குறையை மட்டுமன்று, இந்நகரில் வாழும் எல்லா மக்களின் குறையையும் கேட்டு நியாயம் சொல்லுங்கள்" என்று கூறினால் அவர் செய்ய வேண்டியது யாது? ஏற்றால், "ஆட்சியாளரோடு சேர்ந்துவிட்டார்" என்று சொந்த மக்களே ஏசக்கூடும். மறுத்தால், முறையிட வருவோருக்கு உள்ளே ஓர் ஆளில்லாமற் போகும். இது கற்பனைக் கேள்வியன்று. அமெரிக்க நாட்டுப் பெருநகரங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்துவரும் கேள்வி. இதற்கு நம் மார்க்கத்தில் தெளிவான ஒளி இருக்கின்றது என்பதால், அவ்வரலாற்றை இவ்வாரம் உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

அந்நாட்டின் பல நகரங்களில் 'மனித உறவுகள் ஆணையம்' என்ற பெயரில் ஓர் அமைப்பு உண்டு. பெரும்பாலும் நகரத்தின் மேயர் அதன் உறுப்பினர்களை நியமிப்பார். வெள்ளையர், கறுப்பினத்தார், யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், ஆசிய நாட்டார் எனப் பல சமுதாயத்தின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெறுவர். பல ஊர்களில் இப்பணிக்குச் சம்பளம் கிடையாது. இனம், நிறம், மதம் ஆகியவற்றின் காரணமாக ஒருவருக்கு வேலை மறுக்கப்பட்டால், வீடு வாடகைக்கு மறுக்கப்பட்டால், கடையிலோ உணவு விடுதியிலோ அவமதிக்கப்பட்டால், அவர் அங்கே முறையிடலாம். ஆணையம் விசாரிக்கும், இரு தரப்பாரையும் அழைத்துச் சமரசம் பேசும். சில நகரங்களில் அபராதம் விதிக்கவும் அதிகாரம் உண்டு; வேறு சிலவற்றில் பரிந்துரை செய்வதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

இவ்வமைப்பு எங்கிருந்து வந்தது? வாசகர்களே, அது இரத்தத்திலிருந்து பிறந்தது. 1919-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27-ஆம் நாள், சிகாகோ நகரின் ஏரிக்கரையில் யூஜீன் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் நீந்திக்கொண்டிருந்தான். வெள்ளையர் தமக்கென வைத்துக்கொண்ட கரைப்பக்கம் அவன் மிதந்து சென்றுவிட்டான். கரையிலிருந்து கல்லெறிந்தனர், அவன் நீரில் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவனைக் கைது செய்ய அங்கிருந்த காவலர் மறுத்தார். அன்று மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தார், 15 பேர் வெள்ளையர். ஐந்நூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

கலவரம் ஓய்ந்தபின் இல்லினாய் மாநில ஆளுநர் ஃபிராங்க் லவுடன் ஒரு குழுவை அமைத்தார். அதில் வெள்ளையர் 6 பேர், கறுப்பினத்தார் 6 பேர். இருவரை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். ஒருவர் ஜூலியஸ் ரோஸன்வால்டு, பெருவணிகரான யூதர். தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிக்கூடங்கள் எழும்பத் துணைநின்றவர். மற்றொருவர் ராபர்ட் அபட். 'சிகாகோ டிஃபெண்டர்' என்னும் கறுப்பின மக்களின் பத்திரிகையை 1905-இல் தொடங்கியவர். தம் மக்களுக்காக வாதாடுவதையே வாழ்வாகக் கொண்டவர்.

குழுவின் அறிக்கை 1922-இல் பெரும் நூலாக வெளிவந்தது. சார்லஸ் ஜான்ஸன் என்னும் கறுப்பின அறிஞர் அதன் ஆய்வுப் பணியில் பெரும்பங்கு வகித்தார். கறுப்பினத்தார் எத்தகைய வீடுகளில் அடைபட்டுக் கிடந்தனர், எந்த வேலைகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன, காவல்துறை எவ்வாறு ஒருபாற் சாய்ந்தது என்பதையெல்லாம் அது ஆதாரத்துடன் எடுத்துரைத்தது. அத்தோடு நிற்கவில்லை. கலவர நாட்களில் பத்திரிகைகள் வதந்தியை எவ்வாறு வளர்த்தன என்றும் ஆராய்ந்தது. வெள்ளையர் பத்திரிகைகளின் குற்றத்தைச் சொன்னது. கறுப்பினத்தார் பத்திரிகையின் குற்றத்தையும் சொன்னது. ஒரு கறுப்பினப் பெண்ணும் அவளது கைக்குழந்தையும் கொடூரமாகக் கொல்லப்பட்டதாக 'டிஃபெண்டர்' ஒரு செய்தி வெளியிட்டிருந்தது. அப்படி ஒரு கொலை நடக்கவேயில்லை. ராபர்ட் அபட் உறுப்பினராய் அமர்ந்திருந்த குழுவின் பெயராலேயே, அவருடைய பத்திரிகையின் பிழை உலகறியப் பதிவாயிற்று.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். நீதிக்காக நிற்கும்போது, அது நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் சாட்சியம் கூறியே ஆகவேண்டும் என்பது திருமறை அந்நிஸா அத்தியாயத்தில் முஃமின்களுக்கு இட்டிருக்கும் கட்டளை. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் போதனை. நியாய மன்றத்தில் அமர்வோர்க்கு இவ்விரண்டைக் காட்டிலும் சிறந்த சட்டப் புத்தகம் வேறுண்டோ? 1967-இல் சிகாகோவின் ஆணையம், வதந்திகளைப் பற்றி மக்கள் தொலைபேசியில் கேட்டு உண்மையை அறிந்துகொள்ள ஒரு நிலையத்தையே திறந்தது. வதந்தி உயிர் குடிக்கும் என்பதை அந்நகரம் பட்டு உணர்ந்திருந்தது.

எனினும் 1922-ஆம் ஆண்டின் அறிக்கை அதன் பயனை உடனே அடையவில்லை. அதற்குப் பின்னரும், கறுப்பினத்தாருக்கு வீட்டை விற்கலாகாது என்ற நிபந்தனைப் பத்திரங்கள் சிகாகோவில் பெருகின. நீதிமன்றங்கள் அவற்றை நிறைவேற்றித் தரலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது 1948-இல்தான். அக்குழு அறிக்கை எழுதி முடித்ததும் கலைந்துவிட்டது. அறிக்கை அலமாரியில் ஏறியது. நின்று காவல் காக்க ஓர் அமைப்பு இல்லை.

1943 ஜூன் மாதத்தில் டெட்ராய்ட் நகரில் இனக்கலவரம் வெடித்து 34 பேர் மாண்டனர். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தார். அச்சத்தால் விழித்துக்கொண்ட பல நகரங்கள் நிலையான குழுக்களை ஏற்படுத்தத் தலைப்பட்டன. சிகாகோவில் அதே ஆண்டு மேயர் எட்வர்ட் கெல்லி ஒரு குழுவை அமைத்தார். பின்னர் அது மனித உறவுகள் ஆணையமாக உருப்பெற்றது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 1944-இல் தொடங்கிய குழு, 1958-இல் சட்டப்படியான ஆணையமாயிற்று. பிலடெல்பியா நகரமோ 1951-ஆம் ஆண்டின் நகர சாசனத்திலேயே தன் ஆணையத்துக்கு இடம் கொடுத்தது.

மினியாபொலிஸ் நகரின் கதை தனியே சொல்லத் தக்கது. 1946-இல் கேரி மக்வில்லியம்ஸ் என்ற எழுத்தாளர், யூதர்மீதான வெறுப்புக்கு அமெரிக்காவின் தலைநகரம் இதுவே என்று அந்நகரைக் குறித்து எழுதினார். கழகங்களில் யூதருக்கு இடமில்லை; யூத மருத்துவர்களுக்கு மருத்துவமனைகளின் கதவுகள் எளிதில் திறப்பதில்லை. அப்போது மேயராயிருந்தவர் ஹியூபர்ட் ஹம்ப்ரி. அவர் அதே ஆண்டு மனித உறவுகள் மன்றம் ஒன்றை அமைத்து, ரூபன் யங்டால் என்னும் கிறிஸ்தவப் பாதிரியாரைத் தலைவராக்கினார். சிகாகோ அறிக்கையை ஆக்கிய அதே சார்லஸ் ஜான்ஸனின் துணையை நாடினார்கள். ஊர்மக்களே தொண்டர்களாகச் சென்று வேலை, வீடு, மருத்துவம் எங்கெங்கே எவருக்கு மறுக்கப்படுகிறது என்று கணக்கெடுத்தனர். பிறர் வந்து குற்றம் சாட்டினால் மறுத்திருப்பார்கள். தம் கையாலேயே எழுதிய கணக்கை எவ்வாறு மறுப்பது? 1947-இல், வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவோரைத் தண்டிக்கும் சட்டம் அந்நகரில் வந்தது. அந்த ஹம்ப்ரியே பின்னர் செனட் சபையில் 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நிறைவேற முன்னின்று உழைத்தார்.

யூதருக்குக் கதவடைத்த அதே மினியாபொலிஸ் நகரம் 2023 ஏப்ரலில், புனித ரமளான் மாதத்தில், ஐவேளைத் தொழுகைக்குமான பாங்கொலியை ஒலிபெருக்கியில் எழுப்ப இடந்தரும் வகையில் தன் சப்தக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தியது. அமெரிக்கப் பெருநகரங்களில் இவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. அதில் கையெழுத்திட்ட அன்றைய மேயர் ஜேக்கப் ஃபிரே ஒரு யூதர். 1946-இல் யூதருக்காகப் பேசியவர்கள் முஸ்லிம்களை மனத்தில் வைத்துப் பேசவில்லை. ஆனால் ஒருவருக்காகத் திறக்கப்பட்ட நீதியின் கதவு, பின்னால் வருவோருக்கும் திறந்தே இருக்கும். அல்ஹம்துலில்லாஹ்!

அதே நகரின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் காவலரின் முழங்காலின் கீழ் மூச்சுத்திணறி மாண்டதும் அங்கேதான். அந்நகரக் காவல்துறை தொடர்ந்து இனப்பாகுபாடு காட்டிவந்தது என்று மாநில மனித உரிமைத் துறை 2022-இல் கண்டறிந்தது. ஆணையம் இருப்பதனாலேயே நீதி நிலைத்துவிடாது. அதிகாரமற்ற ஆணையம் மேயரின் வாசலில் தொங்கும் தோரணமாகிவிடும்; அதில் அமர்ந்தவர் வாய்மூடியிருந்தால், அவரது பெயரே அநீதிக்குத் திரையாகிவிடும். சொந்த மக்கள் ஐயுறுவது முற்றிலும் தவறன்று.

அப்படியாயின் அமரலாமா, கூடாதா? வாசகர்களே, இதற்கு விடை மக்கமாநகரில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் இருக்கிறது. யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷிப் பிரமுகர் சரக்கை வாங்கிக்கொண்டு விலை கொடுக்க மறுத்தார். அந்த அந்நியருக்கு மக்காவில் குலமில்லை, கேட்பாரில்லை. அவர் அபூகுபைஸ் மலைமீதேறி முறையிட்டார். அதைக் கேட்டுக் குறைஷியரில் சில குலத்தார் கூடினர். அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும், ஊரவராயினும் அந்நியராயினும், அவரது உரிமையைப் பெற்றுத்தரும்வரை ஒன்றுபட்டு நிற்போம் என உறுதிபூண்டனர். அதுவே 'ஹில்ஃபுல் ஃபுளூல்'. அப்போது இளைஞராயிருந்த நம் பெருமானார் (ஸல்) அவர்கள் அதில் பங்கேற்றார்கள். நபித்துவம் பெற்ற பின்னரும் அதனை உவகையுடன் நினைவுகூர்ந்து, இஸ்லாத்திலும் அத்தகைய ஒப்பந்தத்துக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று கூறினார்கள்.

கவனியுங்கள். அம்மன்றத்தில் கூடியோர் முஸ்லிம்கள் அல்லர். முறையிட்டவர் நபிகளாரின் குலத்தவர் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவரோ சொந்த ஊரின் செல்வாக்குள்ளவர். எனினும் அதை நாயகம் (ஸல்) அவர்கள் பெருமைக்குரியதாகக் கருதினார்கள். ஆகவே நீதிக்காகக் கூடும் மன்றத்தில் பிற சமயத்தாரோடு அமர்வது கூடாததன்று. நபிவழியில் அதற்கு முன்மாதிரி உண்டு. ஆனால் அந்த உடன்படிக்கை வெறும் பேச்சோடு முடியவில்லை என்பதையும் மறவாதீர்கள். கூடியவர்கள் ஆஸிடம் நேரே சென்று, சரக்கை மீட்டு உரியவரிடம் ஒப்படைத்தார்கள். மன்றத்தின் தகுதி அதில் அமர்ந்தவரின் பெயரால் வருவதன்று. உரிமையை இழந்தவன் கைக்கு அது திரும்பியதா என்பதால் வருவது.

நற்காரியத்துக்காகப் பரிந்துரைப்பவருக்கு அதில் ஒரு பங்குண்டு, தீய காரியத்துக்காகப் பரிந்துரைப்பவருக்கும் அதன் பொறுப்பில் பங்குண்டு என்று திருமறை எச்சரிக்கிறது. தம் சமுதாயத்துக்காகப் பரிந்து பேச வந்தவர், ஆணையத்தில் அமர்ந்த பின்னர் தம் சமுதாயத்தைக் கைவிட வேண்டுவதில்லை. ஆனால் அவர் தராசு ஒன்றாயிருக்க வேண்டும். முஸ்லிம் பெண்ணின் ஹிஜாபுக்காக வேலை மறுக்கப்பட்ட வழக்கில் அவர் பொங்கி எழுந்து, முஸ்லிம் வீட்டுக்காரர் ஒருவர் கறுப்பினத்தாருக்கு வீடு மறுத்த வழக்கில் கண்ணை மூடிக்கொண்டால், முதல் வழக்கிலும் அவர் சொல் எடுபடாது.

2001 செப்டம்பருக்குப் பின் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையின் கணக்கில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் 2000-இல் 28, 2001-இல் 481. தலைப்பாகை அணிந்திருந்த பல்பீர் சிங் சோதி என்னும் சீக்கியப் பெரியவர், அரிஸோனா மாநிலத்தில் செப்டம்பர் 15-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். வெறுப்பு, ஆளைச் சரிபார்த்து வருவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார ஆணையம் வெறுப்புக் குற்றங்களைக் கணக்கெடுத்து 1980 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. பாதிக்கப்பட்டவர் வந்து சொன்னால்தான் அவர் துயர் அந்தக் கணக்கில் ஏறும். நம்பிச் சொல்வதற்கு அங்கே ஒரு முகம் இருக்க வேண்டும். ஆணையத்தில் அமர்ந்திருக்கும் முஸ்லிமோ, சீக்கியரோ, யூதரோ, கறுப்பினத்தவரோ அந்த முகமாக விளங்குகிறார்.

அருமைச் சகோதர சகோதரிகளே! நகர ஆணையத்தில் அமரும் வாய்ப்பு நம்மில் எல்லோருக்கும் கிட்டுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வழக்கு எழுகிறது; ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒருவர் முறையிட வருகிறார். அவர் நம்மவரா, பிறரா என்று கேட்பதற்கு முன், அவருக்கு அநீதி நேர்ந்ததா என்று கேட்போமாக. கேட்ட செய்தியை விசாரித்தபின் வாய் திறப்போமாக. நம்மவர் தவறியிருப்பின் அதையும் சொல்லும் துணிவைப் பெறுவோமாக. பிறர்க்காகப் பரிந்து பேசும் நாவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.