குழந்தைகளுடன் வெளிநாட்டுப் பயணம்: செலவைத் தீர்மானிக்கும் பிறந்த தேதி

புது தில்லி: பள்ளி விடுமுறையில் குழந்தைகளுடன் வெளிநாடு செல்லத் திட்டமிடும் நடுத்தரக் குடும்பங்கள் முதலில் பார்ப்பது விமானக் கட்டணத்தைத்தான். ஆனால், மொத்தச் செலவு எவ்வளவு என்பதும், சில நேரங்களில் பயணம் நடைபெறுமா என்பதும் குழந்தையின் பிறந்த தேதியைப் பொறுத்தே அமைகின்றன. 2, 6, 12, 15 என ஒவ்வொரு வயதைக் கடக்கும்போதும் கட்டணமும் காட்ட வேண்டிய ஆவணமும் மாறுகின்றன. இதைக் கவனிக்காமல் பதிவு செய்துவிட்டால், குடும்பம் முழுவதும் விமான நிலைய கவுன்ட்டரிலிருந்தே திரும்ப நேரிடலாம். சலுகை விலையில் வாங்கிய பயணச்சீட்டுகளுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைப்பதில்லை.

கடவுச்சீட்டு: ஐந்து ஆண்டுகள் என்பது ஐந்து ஆண்டுகள் அல்ல

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு தேவை. பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே குழந்தையின் பெயரைச் சேர்க்கும் பழைய முறை இப்போது இல்லை. சிறார்களுக்கான 36 பக்கக் கடவுச்சீட்டின் சாதாரணக் கட்டணம் ரூ.1,000. புதிதாக விண்ணப்பிக்கும் 8 வயதுக்கு உட்பட்டோருக்கு 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. தட்கல் முறையில் பெறக் கூடுதலாக ரூ.2,000 செலுத்த வேண்டும். விடுமுறைக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தச் செலவு மிச்சம்.

சிறார் கடவுச்சீட்டு 5 ஆண்டுகளுக்கோ, 18 வயது நிறைவடையும் வரையிலோ, எது முன்னதோ அதுவரை செல்லும். பல நாடுகள் குறைந்தது 6 மாதச் செல்லுபடிக் காலம் மீதமிருக்க வேண்டும் என வலியுறுத்துவதால், நடைமுறையில் அது நாலரை ஆண்டுகள்தான் பயன்படும். 15 வயது நிறைந்தவர்கள் ரூ.1,500 செலுத்தி 10 ஆண்டுகளுக்கான கடவுச்சீட்டையே பெறலாம். 14 வயதில் ரூ.1,000 செலுத்திப் புதுப்பித்தால் கிடைப்பது அதிகபட்சம் நான்கு ஆண்டுகள். உடனடிப் பயணம் இல்லாதவர்கள் சில மாதங்கள் காத்திருப்பதே லாபம்.

விண்ணப்பத்துடன் பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட 'டி' இணைப்பு உறுதிமொழியை அளிக்க வேண்டும். ஒருவரின் ஒப்புதலைப் பெற இயலாத நிலையில் 'சி' இணைப்பு பயன்படும். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படுகிறது. பல குடும்பங்களில் இந்தச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருப்பதில்லை. மருத்துவமனையில் பதிவு செய்தபோது பெயர் வைக்கப்படாததே காரணம். பெயரைச் சேர்ப்பதற்கு உள்ளாட்சி அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும் என்பதால், பயணத் திட்டத்தின் முதல் வேலையாக இதைச் சரிபார்ப்பது நல்லது.

விமானத்தில் இரண்டாவது பிறந்தநாள்

2 வயது நிறையாத குழந்தை பெற்றோரின் மடியில் அமர்ந்து பயணிக்கலாம். முழுச் சேவை விமான நிறுவனங்கள் சர்வதேசப் பயணத்தில் இதற்குப் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதத்தையும், மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஒரு நிலையான தொகையையும் வசூலிப்பது வழக்கம். பயணத்தின் நடுவே குழந்தைக்கு 2 வயது நிறைந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். அந்த ஒரு வாரத்தை முன்னே தள்ளினால் ஓர் இருக்கையின் விலை மிச்சமாகும்.

2 வயதுக்கு மேல் மலிவுக் கட்டண விமானங்களில் குழந்தைக்கும் பெரியவருக்கும் பொதுவாக ஒரே கட்டணம். முழுச் சேவை நிறுவனங்கள் சில தடங்களில் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு அடிப்படைக் கட்டணத்தில் தள்ளுபடி தருகின்றன. கைப்பையுடன் மட்டும் செல்வது தனிநபருக்கு எளிது. மாற்றுத் துணிகளும் பால் புட்டிகளும் சுமக்கும் குடும்பத்துக்கு அது ஆகாது. எனவே சுமைக் கட்டணத்தையும் உணவுக் கட்டணத்தையும் நால்வருக்குச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும்.

இருக்கைத் தேர்வுக்குச் செலுத்தும் பணம் பெரும்பாலும் தேவையற்றது. 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு, ஒரே பிஎன்ஆர் எண்ணில் பயணிக்கும் பெற்றோரில் ஒருவரது அருகிலாவது இடம் ஒதுக்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மலிவுச் சீட்டுக்காகக் குடும்பத்தை இரண்டு பிஎன்ஆர்களாகப் பிரித்துப் பதிவு செய்வோர் இந்தப் பாதுகாப்பை இழக்கின்றனர்.

அதிகாலையில் சென்றிறங்கும் விமானங்கள் மலிவாகத் தோன்றும். விடுதி அறையோ பிற்பகலில்தான் கிடைக்கும். தூங்கி விழும் குழந்தைகளுடன் வரவேற்பறையில் காத்திருக்க முடியாமல் ஓர் இரவு வாடகையைக் கூடுதலாகச் செலுத்துவோர் பலர்.

அண்டை நாடுகளில் ஆவணக் கணக்கு

இந்தியக் குடும்பங்களுக்குச் செலவு குறைந்த வெளிநாடுகள் நேபாளமும் பூடானும்தான். இரண்டுக்கும் விசா தேவையில்லை. வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் பெரியவர்களுக்குக் கடவுச்சீட்டும் கட்டாயமில்லை. பூடானின் நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமமான மதிப்புடையது. ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். இதனால் நாணய ஏற்ற இறக்கம் குறித்த கவலை இல்லை.

நேபாளத்துக்கு விமானத்தில் செல்லும் பெரியவர்களிடம் ஆதார் அட்டை மட்டும் இருந்தால் போதாது. 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் 65 வயதைக் கடந்தோருக்கும் மட்டுமே அது ஏற்கப்படுகிறது. 15 முதல் 18 வயது வரையிலானவர்கள் இடையில் சிக்கிக்கொள்கின்றனர்: வாக்காளர் அட்டை பெறும் வயதும் இல்லை, ஆதாரும் செல்லாது. கடவுச்சீட்டு இல்லையெனில், உரிய படிவத்தில் பள்ளி முதல்வர் அளிக்கும் அடையாளச் சான்றிதழ் தேவை. கோடை விடுமுறை தொடங்கிய பிறகு முதல்வரின் கையொப்பத்தைத் தேடுவது எளிதன்று. குடும்பத்தில் ஒரு பெரியவரிடம் உரிய ஆவணம் இருந்தால், மற்றவர்கள் புகைப்பட அடையாளத்தையும் உறவுமுறைச் சான்றையும் காட்டிச் செல்லலாம் என்ற தளர்வும் உண்டு. ஆயினும், அதை மட்டுமே நம்பாமல் சான்றிதழையும் எடுத்துச் செல்வது பாதுகாப்பானது.

பூடானில் ஆதார் செல்லாது. சிறார்களுக்குக் கடவுச்சீட்டோ பிறப்புச் சான்றிதழோ தேவை. அங்கு இந்தியர்கள் நபர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு ரூ.1,200 நீடித்த வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். 6 முதல் 12 வயது வரை பாதிக் கட்டணம். 5 வயது வரை இல்லை. பெற்றோருடன் 4, 9 வயதுக் குழந்தைகள் 5 இரவுகள் தங்கினால் இந்தக் கட்டணம் ரூ.15,000. அதே குடும்பம் நான்கு ஆண்டுகள் கழித்து, குழந்தைகள் 8, 13 வயதில் இருக்கும்போது சென்றால், கட்டணம் மாறாதிருந்தாலும் ரூ.21,000 ஆகும்.

விசா இல்லை, படிவம் உண்டு

தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளிக்கத் தொடங்கின. இத்தகைய விலக்குகளின் விதிமுறைகள் மாறக்கூடியவை என்பதால், பதிவு செய்யும் நாளில் அந்தந்த அரசின் இணையதளத்தைப் பார்ப்பது அவசியம். இரு நாடுகளும் வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்பக் கோருகின்றன. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி அட்டை வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அன்று.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குட்பட்டோருக்கு 45 யூரோ கட்டணம். 6 வயது நிறையாதவர்களுக்குக் கட்டணமில்லை. 12-வது பிறந்தநாள் கடந்தால் முழுக் கட்டணம். பூடானிலோ 12 வயதுக்கும் பாதிதான். சேவை மையக் கட்டணமும், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் தனி. மறுக்கப்பட்டாலும் விசாக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதால், சிக்கனப் பயணிகள் முதல் பயணத்துக்கு ஐரோப்பாவைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு உகந்ததாகத் தெரியவில்லை.

சுற்றுலா நிறுவனத்திடம் வெளிநாட்டுப் பயணத்தைத் தொகுப்பாக வாங்குவோரிடம் 2020 அக்டோபர் முதல் டிசிஎஸ் வரி வசூலிக்கப்படுகிறது. இதன் விகிதம் நிதிநிலை அறிக்கைகளில் மாற்றப்பட்டு வந்துள்ளது. வருமான வரிக் கணக்கு தாக்கலின்போது இதை ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துச் செல்லும்போது, பயணத் தேதிகளைக் குறிப்பிட்டு மற்றவர் அளிக்கும் ஒப்புதல் கடிதத்தை நோட்டரி சான்றுடன் வைத்திருப்பது நல்லது. எல்லா நாடுகளும் இதைக் கேட்பதில்லை. கேட்கும் நாட்டில் நள்ளிரவில் இறங்கிய பிறகு அதைப் பெற வழியில்லை. குழந்தையின் குடும்பப் பெயர் உடன் செல்பவரின் பெயருடன் பொருந்தாவிட்டால் பிறப்புச் சான்றிதழின் நகலும் உடன் இருக்க வேண்டும். குடும்பப் பெயருக்குப் பதில் தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இடும் வழக்கமுள்ள தென் மாநிலத்தவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.