ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்கு வெளிச்சம் போகும் வழி

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம். 1993இல் தொடங்கப்பட்ட நிறுவனம். வாசலில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் எந்த மனிதரும் நேரில் பார்த்திராத கடற்படுகைகளின் படங்கள் இங்கே பணியாற்றுகிறவர்களிடம் இருக்கின்றன. 2010 ஏப்ரலில், இந்தியப் பெருங்கடலின் நடுவே, இவர்களுடைய ரோசப் 6000 என்ற ஊர்தி 5,289 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் படுகையைப் படம் பிடித்தது. கப்பலில் இருந்தபடியே கம்பிவடம் வழியாக இயக்கப்படும் ஆளில்லா ஊர்தி அது. தொலைவியக்க ஊர்தி என்பார்கள். அந்த ஆழத்தில் ஒரு படம் எடுப்பதற்கு எத்தனை தந்திரங்கள் வேண்டியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் வியப்பு கூடிக்கொண்டே போகும்.

முதல் சிக்கல் வெளிச்சம். தண்ணீர் எல்லா நிறங்களையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. சிவப்பை முதலில் விழுங்கிவிடும். தெளிந்த கடலில்கூடப் பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று வரிசையாக மறையும். நீலம் மட்டும் நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும். 200 மீட்டரில் மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1,000 மீட்டருக்குக் கீழே சூரியன் என்று ஒன்று இருப்பதற்கான தடயமே கிடையாது. அங்கே எடுத்த படத்தில் நாம் காணும் வெளிச்சம் முழுவதும் மேலேயிருந்து யாரோ கொண்டுபோனது. சில உயிரினங்களின் சொந்த ஒளிர்வு மட்டுமே இதற்கு விலக்கு.

கொண்டுபோன வெளிச்சத்துக்கும் அதே வரி உண்டு. விளக்கிலிருந்து படுகைக்குப் போகும்போது ஒருமுறை, படுகையிலிருந்து கேமராவுக்குத் திரும்பும்போது ஒருமுறை என்று தண்ணீர் இரண்டு தடவை வசூலிக்கிறது. பத்து மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒளி இருபது மீட்டர் நடந்தாக வேண்டும்; சிவப்பு வந்து சேராது. ஆகவே ஊர்தி படுகைக்குச் சில மீட்டர் அருகில் போயே ஆக வேண்டும். ஐந்து கிலோமீட்டர் கடந்து வந்த பயணத்தின் பலன் அந்தக் கடைசிச் சில மீட்டரில்தான் தீர்மானமாகிறது.

அருகில் போனாலும் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. இறந்த நுண்ணுயிர்களின் துகள்களும் கழிவுகளும் மேலிருந்து ஓயாமல் கீழே உதிர்ந்துகொண்டிருக்கின்றன. கடற்பனி என்பது இதன் பெயர். ஆழத்தில் வாழும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சாப்பாடு; புகைப்படக்காரருக்கோ இதுதான் எதிரி. விளக்கொளி அந்தத் துகள்களில் பட்டுக் கேமராவுக்கே திரும்பி வருவதைப் பின்சிதறல் என்கிறார்கள். மார்கழி அதிகாலையில் திண்டிவனம் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: மூடுபனியில் முகப்பு விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினால் சாலை தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும். பரிகாரம் எளிது, அழகானதும்கூட. விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்காமல் நீண்ட கைகளில் மாட்டித் தள்ளி வைத்து, சாய்வாக ஒளி வீசச் செய்கிறார்கள். கேமராவுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் இருட்டாகவே இருக்கும். படுகை மட்டும் வெளிச்சமாகும்.

கடலுக்கடியில் வெளிச்சத்தைக் கொண்டுபோய்ப் படம் எடுக்கும் வித்தை பிறந்தது ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில்தான். 1893இல் பிரான்சின் பன்யுல்ஸ் ஊரிலுள்ள அராகோ ஆய்வுக்கூடத்தில் லூயி பூத்தான் என்ற உயிரியலாளர் கடலுக்கடியில் படம் எடுக்கத் தொடங்கினார். சூரிய ஒளியை மட்டும் நம்பியபோது ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரை கேமராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அதனால் காற்றடைத்த பீப்பாயின் மேல் சாராய விளக்கைப் பொருத்தி, அதன் சுடரில் மக்னீசியத் தூளை ஊதி, கண நேர வெளிச்சம் உண்டாக்கினார். தண்ணீருக்குள் நெருப்பு! இன்று ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு பளிச்சிடும் விளக்குக்கும் அந்தப் பீப்பாய்தான் பாட்டன்.

அடுத்தது அழுத்தம். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. 5,289 மீட்டரில் ஏறக்குறைய 530 கிலோ. கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியின் விட்டம் வெறும் பத்து சென்டிமீட்டர் என்றாலும் அதன்மேல் 41 டன் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்கும் அளவுக்குத் தடிமனாகவும், படம் கலங்காத அளவுக்குத் தெளிவாகவும் அது இருக்க வேண்டும். மனிதர் ஏறிச் செல்லும் ஆழ்கடல் ஊர்திகளின் சாளரங்களில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு ஒன்று உண்டு. அக்ரிலிக் சாளரத்தை வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் குறுகலாகவும் கூம்புபோல் செய்து பொருத்துகிறார்கள். ஆழம் கூடக் கூடக் கடலே அதை இன்னும் இறுக்கமாக உள்ளே அழுத்தி அடைத்துவிடும். பகையாளியையே காவலுக்கு வைத்துக்கொள்கிற இந்த யோசனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, படத்தில் என்ன தெரிகிறது? கரும்பழுப்பு உருண்டைகள், மெல்லிய சேற்றின்மேல் பரவிக் கிடக்கின்றன. பல்உலோக முடிச்சுகள் என்று பெயர். மாங்கனீசு, இரும்பு, நிக்கல், செம்பு, கோபால்ட் கலந்தவை. சுறாவின் பல்லோ சிப்பித் துண்டோ நடுவில் இருக்க, அதைச் சுற்றிக் கடல்நீரிலிருந்து உலோகம் ஏடு ஏடாகப் படிகிறது. வேகம்? பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்.

அந்த வேகம் விழுப்புரம் மாவட்டக்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். வானூர் வட்டத்துத் திருவக்கரையில், கோயிலுக்குப் பக்கத்திலேயே, கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. அந்த மரங்கள் விழுந்து மணலுக்குள் புதைந்த காலத்தில் ஒரு முடிச்சு உருவாகத் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்தால், இன்று மையத்திலிருந்து விளிம்புவரை 4 சென்டிமீட்டர்தான் இருக்கும். கைக்குள் அடங்கிவிடும்.

இதில் விடுகதையும் ஒன்று இருக்கிறது. அதே படுகையில் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் சேர்கிறது. முடிச்சு வளர்வதைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வேகம். முடிச்சுகள் எப்போதோ புதைந்திருக்க வேண்டாமா? ஆனால் படத்தில் மேலேயே கிடக்கின்றன. சேற்றில் மேயும் சிற்றுயிர்கள் நெம்பி நெம்பி மேலே வைத்திருக்கின்றன என்பது ஒரு விளக்கம். விவாதம் இன்னும் முடியவில்லை. 1981 ஜனவரி 26 அன்று கவேஷணி கப்பல் அரபிக்கடலிலிருந்து இந்தியாவின் முதல் முடிச்சை மேலே கொண்டுவந்தது. கொண்டுவந்த கல்லில் உலோகத்தின் அளவு தெரியும். அது எப்படிக் கிடந்தது, பாதி புதைந்திருந்ததா, பக்கத்தில் எந்த உயிர் ஊர்ந்துகொண்டிருந்தது என்பதெல்லாம் படத்தில் மட்டுமே தெரியும். கேமராவின் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிவது இந்த இடத்தில்தான்.

படத்தில் தெரிவது எவ்வளவு பெரியது என்பதை எப்படி அறிவது? அருகில் ஒப்பிட மரமோ ஆளோ கிடையாது. அதனால் இணையாகச் செல்லும் இரண்டு லேசர் கதிர்களைப் படுகையில் விழச் செய்கிறார்கள். எவ்வளவு தள்ளிப் போனாலும் இரு புள்ளிகளுக்கும் இடைவெளி மாறாது. படத்துக்குள்ளேயே அளவுகோல் கிடைத்துவிடும்.

கிட்டப் போய் எடுப்பதால் ஒரு படத்தில் அடங்கும் பரப்பு கொஞ்சம்தான். நான்குக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 83,000 படங்களுக்கு மேல் வேண்டும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மூன்று மீட்டருக்கு ஒன்றாக ஒற்றை வரிசையில் எடுத்தாலே 13,000 படங்கள் ஆகும். முடிச்சுகளை ஆராய இந்தியா ஒப்பந்தம் செய்துள்ள பரப்போ 75,000 சதுர கிலோமீட்டர்! இதற்கென்றே கம்பிவடம் இல்லாமல் தானே வழி கண்டு ஓடும் தன்னியக்க ஊர்தி வந்தது. ஓமே 6000 என்ற அத்தகைய ஊர்தி 2022இல் 5,271 மீட்டர் ஆழத்தில் 14 சதுர கிலோமீட்டரை ஆராய்ந்து திரும்பியது. செயற்கைக்கோள் சமிக்ஞை தண்ணீருக்குள் நுழையாது. தன் அசைவுகளைத் தானே கணக்கிட்டும் ஒலியைத் துணைக்கு வைத்தும்தான் அத்தகைய ஊர்தி தன் இடத்தை அறிகிறது. கடலில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் போகும். ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு செய்தி கப்பலைத் தொட மூன்று நொடிக்கு மேலாகும்.

ஆயிரக்கணக்கான படங்களில் ஒரு சில எல்லாவற்றையும் மாற்றிவிடுவதும் உண்டு. 1977இல் கலபகோஸ் அருகே ஒரு கேமரா வண்டி எடுத்த 3,000 படங்களில் 13இல் மட்டும் சிப்பிக் கூட்டம் இருந்தது. அந்த 13தான் கடலடி வெந்நீர் ஊற்றுகளையும், சூரிய ஒளியை நம்பாமல் அங்கே வாழும் உயிர்க்கூட்டத்தையும் உலகுக்குக் காட்டின. நம் முறை 2024 டிசம்பரில் வந்தது. சாகர் நிதி கப்பலில் சென்ற பள்ளிக்கரணைக் குழுவும் கோவாவின் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் சீறிக்கொண்டிருந்த ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் பிடித்தன. இந்தியர் எடுத்த முதல் அத்தகைய படம் அது.

இனி மனிதரே போகப்போகிறார்கள். மூன்று பேர் உட்காரும் மத்ஸ்யா 6000 ஊர்தியின் உருண்டைக் கூடு 2.1 மீட்டர் உள்விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் கலவை. அதற்கான பயிற்சியாக 2025 ஆகஸ்டில் பிரான்சின் நோட்டீல் ஊர்தியில் இரண்டு இந்தியர் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். ஒருவர் 4,025 மீட்டர், மற்றவர் 5,002 மீட்டர்.

முடிச்சுகளை அள்ளுவதற்கான ஊர்தியும் 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டுவிட்டது. அதனால் இப்போது எடுக்கும் படங்களின் பொறுப்பு கூடுகிறது. 1989இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெரு நாட்டுக்கு அப்பால் முடிச்சுப் படுகை ஒன்றைக் கலப்பை போன்ற கருவியால் வேண்டுமென்றே உழுதார்கள். சுரங்கம் தோண்டினால் என்னவாகும் என்று பார்க்க. 2015இல் கேமராவோடு திரும்பிப் போனார்கள். 26 ஆண்டு கழிந்தும் சால்கள் அப்படியே இருந்தன.