வெல்டருக்கும் லிங்க்ட்இன்னில் இடமுண்டு

லிங்க்ட்இன் தளம் அலுவலகத்தில் கழுத்துப்பட்டை கட்டி வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் தோட்டப்புற இளைஞர்கள் பலரிடம் உண்டு. உண்மையில், கைத்தொழில் கற்றவர்களுக்கும் அது பயன்படும். கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை.

ஆள் தேடும் நிறுவனங்கள் அங்கே வேலையின் பெயரைத் தட்டித்தான் தேடுகின்றன. வெல்டர், சார்ஜ்மேன், டெக்னீஷியன் போன்ற சொல் ஒருவரின் பக்கத்தில் இல்லாவிட்டால், பத்து ஆண்டு அனுபவம் இருந்தும் அவர் கண்ணில் படாமல் போகலாம்.

பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். பலர் அங்கே ‘வேலை தேடுகிறேன்’ என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் ‘வெல்டர், எஸ்கேஎம் நிலை 3, 6 ஆண்டு அனுபவம், கிள்ளான்’ என்ற விவரத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்.

‘கடின உழைப்பாளி’ என்று எழுதினால் முதலாளிக்கு எதுவும் விளங்காது. எந்த இயந்திரத்தில் வேலை செய்தார், குழுவில் எத்தனை பேர், என்ன வேலையை எத்தனை நாளில் முடித்தார் என்பதை எழுத வேண்டும். முன்னாள் மேற்பார்வையாளரும் அதே தளத்தில் இருந்தால், இரண்டு வரி பரிந்துரை எழுதித் தரும்படி கேட்கலாம்.

சான்றிதழைப் படமெடுத்துப் போடுவோர் அடையாள அட்டை எண்ணை மறைத்துவிட வேண்டும். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும்.