வீட்டுக் கணினிக்கும் கரை காவல் வேண்டும்

காவிரியின் கடைமடைப் பகுதியில் அமைந்துள்ள திருக்கடையூர் மக்களுக்குக் கரையின் அருமையை நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. வரப்பில் நண்டு துளைத்த வளை சுண்டுவிரல் அகலமே இருக்கும். காலையில் அதைக் கண்டு மண் வைத்து மிதித்துவிட்டால் வேலை முடிந்தது. கவனியாது விட்டாலோ, இரவோடு இரவாகப் பாய்ச்சிய நீரெல்லாம் வடிந்துவிடும். கீழ்வயல்காரரின் இளநாற்றும் மூழ்கிப்போகும். ஒரு துளையால் இருவருக்கு நஷ்டம்.

இன்று நம் இல்லங்களில் இடம்பெற்றுவிட்ட கணினிக்கும் இது பொருந்தும். பட்டா, சிட்டா நகல்கள், நெல் கொள்முதலுக்காகச் செய்த பதிவு, பயிர்க் காப்பீட்டு ரசீது, பிள்ளைகளின் சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கியுள்ளன. மணிவிழாவுக்காகத் திருக்கடையூர் வருவோருக்கு அறை ஏற்பாடு செய்து தருவோரின் கணினியில் விருந்தினரின் அடையாள அட்டை நகல்களும் இருக்கக்கூடும். இவற்றைக் களவாடவும் அழிக்கவும் முயல்வோர் வாசல் வழியே வருவதில்லை. இணையத்தின் வழியே வருகின்றனர். அவர்களைத் தடுக்கும் முறைகளை இங்கு ஆராய்வோம்.

நச்சுநிரல் என்பது யாது?

கணினி தானாக எதையும் செய்வதில்லை. அதற்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பே நிரல் எனப்படும். தீய நோக்குடன் எழுதப்பெற்று, உரிமையாளர் அறியாமல் உட்புகுவது நச்சுநிரல். இது பலவகைப்படும். ஒன்று கடவுச்சொல்லை ஒற்றறிந்து வெளியே அனுப்பும். மற்றொன்று கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்கும். வேறொன்று கணினியைத் தன் அடிமையாக்கி, பிறரைத் தாக்க அதனையே ஏவும்.

"எம்மிடம் திருட என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரும் இணையதளங்கள் பல முடங்கின. தாக்குதலுக்குப் பயன்பட்டவை வீடுகளில் இருந்த சாதாரணக் கேமராக்களும் இணையப் பெட்டிகளுமே ஆகும். விற்பனையின்போது இருந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதால், 'மிராய்' என்னும் நச்சுநிரல் அவற்றுள் எளிதில் புகுந்தது. ஆகவே, நம் வீட்டுத் துளை ஊராருக்கும் கேடு விளைவிக்க வல்லது.

காலத்தே செய்யும் மராமத்து

எந்த நிரலும் குறையற்றதன்று. குறை தெரிய வந்ததும் அதனைச் செய்தவர்கள் திருத்தம் வெளியிடுகின்றனர். இதனையே புதுப்பித்தல் என்கிறோம். விண்டோஸிலிருந்த ஒரு குறைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து, மே 12 அன்று 'வான்னகிரை' என்னும் நச்சுநிரல் அதே குறையின் வழியாகப் புகுந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். திருத்தம் இலவசமாகவே கிடைத்தது; அதனை ஏற்காதிருந்தவர்களே பெரிதும் துன்புற்றனர். எனவே "புதுப்பிக்கவா?" என்று கணினி கேட்கும்போது நாளைக்கென்று தள்ளிப்போடலாகாது.

நம் மாநிலத்தில் 2011 முதல் மாணவர்களுக்கு விலையின்றி வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பல கிராமங்களில் இன்றும் உழைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 7 இயங்குதளத்திற்கான திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்துவிட்டன. பராமரிப்பு நின்ற இயங்குதளத்தில் வங்கி வேலை பார்ப்பது உடைந்த மதகை நம்பிச் சாகுபடி செய்வதற்கு ஒப்பாகும். பழைய கணினியைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை அதில் நிறுவிக்கொள்ளலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் தமிழிலும் இயங்கக்கூடியது.

தனித்தனி மடைகள்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிகழ்ந்தது நமக்கு நல்ல பாடமாகும். நிர்வாக வேலைக்கென இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்த கணினி ஒன்றில் நச்சுநிரல் கண்டறியப்பட்டதாகவும், 2019 செப்டம்பர் 4 அன்று தகவல் கிடைத்ததாகவும் இந்திய அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று அறிவித்தது. நிலையத்தின் முக்கிய உள் வலையமைப்பு இதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் கழகம் தெரிவித்தது. ஒரு வாய்க்காலில் கலந்த நஞ்சு மற்றொன்றுக்குப் போகாதபடி மடை அடைபட்டிருந்தது என்க.

வீட்டிலும் இவ்வாறு செய்யலாம். கணினியில் நிர்வாகக் கணக்கு, சாதாரணக் கணக்கு என இருவகை உண்டு. அன்றாட வேலைக்கும் பிள்ளைகளின் உபயோகத்திற்கும் சாதாரணக் கணக்கே போதும். அதில் தவறு நேர்ந்தாலும் நச்சுநிரல் கணினி முழுவதையும் கைப்பற்றுவது கடினம். வங்கிக்கு ஒரு கடவுச்சொல், மின்னஞ்சலுக்கு வேறு ஒன்று என வகுத்துக்கொள்வது அவசியம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து அமைப்பது நினைவில் நிற்கும். பிறர் ஊகிப்பதும் அரிது. மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மின்னஞ்சல் வழியே மாற்ற முடியுமாதலால், அதற்கு இரட்டைச் சரிபார்ப்பு வைத்தல் நன்று. ஊராட்சி அலுவலகங்களில் பணப் பட்டுவாடாவுக்கு வழங்கப்பட்ட மின் கையொப்பக் கருவியை வேலை முடிந்ததும் கழற்றிப் பூட்டி வைத்தல் வேண்டும்.

நாமே திறந்துவிடும் மதகு

கரை உறுதியாக இருந்தும், காவலரே மதகைத் திறந்துவிட்டால் பயனில்லை. கணினிக் கள்வர்கள் பெரிதும் நம்புவது நம்முடைய ஆசையையும் அச்சத்தையுமே. "உதவித்தொகை வந்துள்ளது, இந்தக் கோப்பைத் திறக்கவும்" என்றோ, "உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்" என்றோ செய்தி வரும். கோப்பைத் திறந்த மாத்திரத்தில் நச்சுநிரல் குடியேறும். சிலர் தொலைபேசியில் அழைத்து, கணினியைப் பழுது பார்ப்பதாகக் கூறி, தொலைவிலிருந்து இயக்கும் 'எனிடெஸ்க்' போன்ற நிரலை நிறுவச் சொல்வர். இதுபற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. எந்த வங்கியும் தொலைபேசியில் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பதில்லை என்பதை வீட்டிலுள்ள முதியோர்க்கும் சொல்லி வைப்போமாக.

திருட்டுப் பிரதிகளும் அத்தகையனவே. விலை கொடுக்க வேண்டிய நிரலை எவரோ இலவசமாகத் தருகின்றார் எனில், அதனுள் வேறொன்றும் கலந்திருக்கக்கூடும். கைமாறிவரும் பென்டிரைவைச் சோதித்த பின்னரே திறத்தல் வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் 'டிஃபெண்டர்' என்னும் காவல் நிரல் சேர்ந்தே வருகிறது. அதனை அணைத்துவிடாதிருத்தலே நாம் செய்ய வேண்டுவது.

விதைக்கோட்டை

விளைந்த நெல் முழுவதையும் நம் முன்னோர் பத்தாயத்தில் கொட்டிவிடவில்லை. விதை நெல்லை வைக்கோல் புரியால் கோட்டையாகக் கட்டித் தனியே வைத்தனர். முக்கியமான கோப்புகளுக்கும் இத்தகைய விதைக்கோட்டை வேண்டும். மாதம் ஒருமுறை அவற்றைத் தனி வட்டில் பிரதி எடுத்து, வட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுக. எப்போதும் கணினியுடன் இணைந்திருக்கும் வட்டையும் நச்சுநிரல் பூட்டிவிடுமாதலால், கழற்றி வைப்பது இன்றியமையாதது. பிரதி கையிலிருப்பவர் பணம் கேட்டு மிரட்டுபவனுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

துளை விழுந்துவிட்டால்

முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுக. மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்பாதீர். அனுப்பினாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுக. பணம் பறிபோயிருந்தால் வெட்கமோ தாமதமோ வேண்டாம். உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடுக. விரைந்து தெரிவித்தால், பணம் கைமாறும் முன் அதனை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. நச்சுநிரலை நீக்கும் கருவிகளை, 2017இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா மையம் இலவசமாக வழங்குகிறது.

இவையெல்லாம் ஒரு நாளில் செய்து முடித்து மறந்துவிடும் காரியங்கள் அல்ல. ஆண்டுதோறும் வாய்க்கால் தூர் வாருவதைப் போல் தொடர்ந்து செய்ய வேண்டியவை. கணினி பயின்ற இளைஞர்கள் இன்று ஊர்தோறும் உள்ளனர். ஊராட்சியின் ஏற்பாட்டில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் இதற்கென ஒதுக்கி, அண்டை வீட்டுக் கணினிகளையும் புதுப்பித்துத் தருவாராயின் அது சிறந்த கிராமத் தொண்டாகும். அடுத்த அறுவடைப் பணம் வங்கிக்கு வருமுன் நம் வரப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவோம்.