புறச்சமயத்தார் பார்வையில் கிறித்தவம்: மயிலாப்பூர் – அடையாறு வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழ்க் கிறித்தவம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பியரின் தமிழ்ப்பணி, கிறித்தவ இலக்கியம், சமயமாற்ற வரலாறு ஆகியவற்றை மையமிட்டு அமைந்துள்ளன. கிறித்தவர் அல்லாதார் அச்சமயத்தை எவ்வாறு நோக்கினர் என்னும் வினா எழும்போது, ஆறுமுக நாவலரின் ‘சைவ தூஷண பரிகாரம்’ (1854) போன்ற கண்டன நூல்களே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கண்டன நூல்கள் கற்றோரின் வாதங்களைக் காட்டுவன. பொதுமக்களின் நோக்கு இடப்பெயர்களிலும் வழிபாட்டு வழக்கங்களிலும் பொதுவிடங்களில் நிறுவப்பட்ட சிலைகளிலும் பதிவாகியுள்ளது. சென்னையின் மயிலாப்பூர், அடையாறு, அவற்றை ஒட்டிய கடற்கரைப் பகுதிகளில் கிடைக்கும் இத்தகைய சான்றுகளைக் கொண்டு, புறச்சமயத்தாரின் நான்கு வகைப் பார்வைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

அயலார் சமயம்

மயிலாப்பூருக்குத் தென்மேற்கே அமைந்த புனித தோமையார் மலையை மக்கள் ‘பரங்கிமலை’ என்றே வழங்குகின்றனர். போர்த்துக்கீசியரையும் பின்னர் ஐரோப்பியர் அனைவரையும் சுட்டிய ‘பரங்கி’ என்னும் சொல், அவர்களால் திருமுழுக்குப் பெற்ற தமிழரையும் சுட்டியது. கிறித்தவராதல் என்பது பரங்கிக் குலத்தில் சேர்தல் என்று கொள்ளப்பட்டது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, தாம் பரங்கி அல்லர் என வலியுறுத்த நேர்ந்தமைக்கு இதுவே காரணம். பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரையில் இருந்து போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்னும் கருத்து மயிலாப்பூரில் இன்றும் நிலவுகிறது. இதனால் இப்பார்வைக்கு இழப்பின் நினைவும் சேர்கிறது.

வரமருளும் கோயில்

இதற்கு மாறான பார்வையைக் ‘கோயில்’ என்னும் சொல் காட்டுகிறது. லஸ் பகுதியில் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஒளியின் மாதா ஆலயம் ‘காட்டுக் கோயில்’ எனப் பெயர் பெற்றது. கன்னி மரியாளுக்குரிய ஆலயங்கள் பொதுவழக்கில் ‘மாதா கோயில்’ ஆயின. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயத்தின் ஆண்டுவிழா ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கிச் செப்டம்பர் 8ஆம் நாள் நிறைவுறுகிறது. இவ்விழாவிற்குக் காவியுடுத்து நடந்து வருவோரில் பிற சமயத்தாரும் உளர். வேண்டுதல், நேர்த்திக்கடன், பாதயாத்திரை ஆகிய தமக்குப் பழகிய வகைமைகளிலேயே அவர்கள் இவ்வழிபாட்டைப் புரிந்துகொள்கின்றனர். எனினும் கத்தோலிக்கத் திருப்பலியின் மையமாகிய நற்கருணை, திருமுழுக்குப் பெற்றோர்க்கே உரியது. புறச்சமயத்தார் மாதாவை அணுகுகின்றனர். திருச்சபை அவர்தம் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பல வழிகளுள் ஒன்று

1882இல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபைக்கும் கிறித்தவ நிறுவனங்களுக்கும் கடும் பிணக்கு நிலவியது. பிளாவட்ஸ்கி அம்மையாருக்கு எதிரான கடிதங்களைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழே 1884இல் வெளியிட்டது. ஆயினும் அச்சபையின் வளாகத்தில் பிற சமய வழிபாட்டிடங்களோடு கிறித்தவ ஆலயம் ஒன்றும் இடம்பெற்றுள்ளது. 1897இல் சென்னையில் தொடங்கப்பெற்று, பின்னர் மயிலாப்பூரில் நிலைபெற்ற இராமகிருஷ்ண மடத்தின் மரபிலும் கிறிஸ்துமசுக்கு முந்தைய மாலையில் இயேசுவின் படத்தை வைத்து வழிபடும் வழக்கம் உண்டு. இங்கு இயேசு ஞானியாகவும் அவதாரமாகவும் ஏற்கப்படுகிறார். அவரே ஒரே மீட்பர் என்னும் கிறித்தவக் கோட்பாடு ஏற்கப்படுவதில்லை.

தமிழ்த்தொண்டு

1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் பத்துச் சிலைகள் நிறுவப்பட்டன. வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யூ. போப் ஆகிய மூவரின் சிலைகளும் அவற்றுள் அடங்கும். சமயம் பரப்ப வந்த மூவரும் தமிழ்ப்பற்று என்னும் அளவுகோலால் போற்றப்பட்டனர். திராவிட இயக்கச் சூழலில் இது இயல்பானதே. ஆனால் தமிழ்நாட்டில் பிறந்த கிறித்தவப் புலவர் எவருக்கும் அவ்வரிசையில் இடமில்லை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும், ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) படைத்த எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையும் அங்கு இல்லை.

ஒப்பீடு

மேற்கண்ட நான்கு பார்வைகளுள் முதலாவது பகைமை சார்ந்தது; ஏனைய மூன்றும் இணக்கம் சார்ந்தவை. எனினும் நான்கிற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. பரங்கி, மாதா, ஞானி இயேசு, ஐரோப்பியத் தமிழறிஞர் ஆகியோர் இப்பார்வைகளில் தெளிவாகத் தென்படுகின்றனர். அண்டைத் தெருவில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் கிறித்தவர் தென்படுவதில்லை. அவர் பொதுவெளியில் புலப்படுவது பெரும்பாலும் சிக்கலாகவே. 2002இல் தமிழக அரசு கொணர்ந்து, 2004இல் திரும்பப் பெற்ற கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பற்றிய விவாதத்தில் அவர் ‘மாற்றப்பட்டவர்’ ஆனார். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, தலித் கிறித்தவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. சமயம் மாறியபின் சாதி இராது என்பது அதன் உட்கோள். ஊரும் சேரியும் அவ்வாறு கருதுவதில்லை.

முடிவுரை

புறச்சமயத்தாரின் நோக்கை வெறுப்பு, நல்லிணக்கம் என்னும் இருமைக்குள் அடக்குவது போதாது. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும் ஒருவரே மதமாற்றத்தைக் கண்டிப்பவராகவும் இருக்கலாம். வழிபாட்டில் அவர் காண்பது தெய்வத்தை. மதமாற்ற விவாதத்தில் அவர் காண்பது நிறுவனத்தை. ஆகவே சமய நல்லிணக்கத்திற்குத் திருவிழாக் கூட்டத்தை மட்டும் சான்றாகக் காட்டும் ஆய்வுகள் மறுபரிசீலனைக்கு உரியன. தெய்வத்தை ஏற்கும் மனம் அத்தெய்வத்தை வணங்கும் அண்டை வீட்டாரைத் தனக்கு நிகரான தமிழராக ஏற்கிறதா என்பதே இனி ஆராயப்பட வேண்டிய வினா. இதற்கு விழாக்காலக் களஆய்வுடன் வாடகைக் குடியிருப்பு, திருமண உறவு, கல்லறை நிலம் ஆகியன பற்றிய அன்றாட வாழ்வியல் தரவுகளும் தொகுக்கப்படல் வேண்டும்.